மழைநாளில் ஊதிய பண்டிகைக் கொம்பு

1. முதல் நாள்

மேரியில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று செக்ரெத்தேர் என் கையில் இரண்டு சாமான்களைக் கொடுத்தார். ஒன்று, அறிவிப்புத் தாள்களைச் சுருட்டி வைக்கும் தகரக் குழல். இன்னொன்று, ஒரு பித்தளைக் கொம்பு. மேரி என்றால் பிரெஞ்சுக்காரன் காலத்துக் கொம்யூன் ஆபீசு. செக்ரெத்தேர் அதன் காரியதரிசி. அவருக்கு மேலே மேர் என்று கொம்யூன் தலைவர் ஒருவர் உண்டு. அவர் புதுச்சேரியில் இருந்த நாள்தான் அதிகம். ஆகவே எங்களுக்குச் சகலமும் செக்ரெத்தேர்தான். எந்த ஊர் மேரி என்று கேட்காதீர்கள். பாகூர்ப் பக்கம் என்பதோடு விட்டுவிடுகிறேன். அங்கே எனக்கு இன்னும் சம்பந்தி வீடு இருக்கிறது, நல்லது கெட்டதுக்குப் போய்வர வேண்டும்.

"கோவிந்தராசு, ஒனக்கு மூச்சு நல்லா இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்குதுங்க."

"அப்ப ஊது பாக்கலாம்."

ஊதினேன். சினை எருமை கத்தியது போல ஒரு சத்தம் வந்தது. ஆபீசே சிரித்தது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். முதல் நாளாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பிறகு பட்டாளத்திலிருந்து பென்ஷனோடு வந்திருந்த ஒருவரிடம் ஒரு மாதம் நாயாய் அலைந்து கற்றுக்கொண்டேன். உதடு வீங்கிப்போயிற்று. ஆனால் மாதக் கடைசியில் கொம்பு நான் சொன்னதைக் கேட்டது.

ஊருக்கு அறிவிப்புச் சொல்வதுதான் என் வேலை. தையில் ஆற்றுத் திருவிழாவுக்குச் சனங்கள் பெண்ணையாற்றுக்குக் கிளம்பும்போது, மணல் தோண்டிய பள்ளங்களில் பிள்ளைகளை இறக்காதீர்கள் என்று சொல்ல வேண்டும். ஆடியில் வீராம்பட்டினம் தேருக்கு வண்டி கட்டுகிறவர்களிடம், தேர் பார்த்த கையோடு கடலில் குளிக்க இறங்காதீர்கள் என்று சொல்ல வேண்டும். சித்திரையில் காற்றடித்தால் மத்தியானத்தில் அடுப்பு மூட்டாதீர்கள். மழைக்காலம் வந்தால் ஏரி, வாய்க்கால். இதற்கெல்லாம் பறைதான். தாண்டவன் முன்னால் அடித்துக்கொண்டு போவான், சனம் வாசலுக்கு வரும், நான் தாளை விரித்து வாசிப்பேன். இந்தத் தாண்டவனேதான் எங்கள் ஏரிக்கு நீர்க்கட்டியும். மதகைத் திறப்பது, அடைப்பது, கரையைச் சுற்றிப் பார்ப்பது எல்லாம் அவன் பொறுப்பு.

கொம்பு வருஷத்தில் ஒரே ஒரு நாளைக்கு. ஜூலை பதினாலாம் தேதிக்கு.

2. ஜூலைப் பண்டிகை

பிரெஞ்சுக்காரனுடைய பெரிய பண்டிகை அது. புதுச்சேரியில் அணிவகுப்பு, பீரங்கி எல்லாம் உண்டு. எங்கள் ஊருக்கு வந்து சேரும்போது அது வழுக்கு மரமும் சாக்கு ஓட்டமும் உறியடியுமாக ஆகியிருக்கும். எல்லாம் இலவசம். வேடிக்கை பார்க்க யாரும் யாரையும் கேட்க வேண்டாம். கடைசியில் ஏழைப்பட்டவர்களுக்கு ஆளுக்கு இரண்டு படி அரிசி போடுவார்கள். ஊர்ச் சனத்தில் பாதிப் பேருக்குப் பண்டிகை என்றால் அந்த அரிசிதான். மேரிக்காரர்கள் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பண்டிகை நடக்கிற இடம் ஏரிக்கரைக்கு வெளிப்புறம், கரையை ஒட்டின மைதானம். ஆனிக் கடைசியில் ஏரி வறண்டு கிடக்கும், கரை நிழல் விழும், கூட்டம் கரைச் சரிவில் உட்கார்ந்து பார்க்கலாம். அதைவிட வசதியான இடம் கிடைக்காது. மைதானத்துக்கு அடுத்தாற்போல் மதகடித் தெரு. கூலி வேலைக்காரர்களின் குடிசைகள், முப்பது இருக்கும். தாண்டவன் வீடும் அங்கேதான். நான் கரைமேல் மதகுக்குப் பக்கத்தில் நின்று கொம்பு ஊதினால், அந்தத் தெரு முழுக்க அரிசி வாங்க ஏனமும் கையுமாக ஓடி வரும்.

அந்த வருஷம் எல்லாம் இருந்தது, அரிசி மட்டும் வந்து சேரவில்லை. சாயங்காலம் வரைக்கும் சனம் காத்திருந்தது. செக்ரெத்தேர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நாளைக்கு வரும், நாளானைக்கு வரும்னு சொல்லித் தொலைக்காத. வந்ததும் கொம்பு ஊதுவோம், அப்ப வாங்கன்னு சொல்லு."

நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினேன். "அரிசி வந்ததும் இதே எடத்துல கொம்பு ஊதுவேன். சத்தம் கேட்டா ஏனத்த எடுத்துக்கினு வந்துடுங்க!"

முன்வரிசையில் அஞ்சலை நின்றிருந்தாள். நடவு ஆட்களுக்கு அவள்தான் தலைவி. அவள் வாய்க்கு மேரியே பயப்படும்.

"ஊதுவியா, இல்ல எங்க காதுல பூ சுத்துவியா?"

"ஊதுவேன்னா ஊதுவேன். போம்மா."

"மழையா இருந்தாலும் வருவேன், வெயிலா இருந்தாலும் வருவேன். நீ ஊதாம மட்டும் இருந்து பாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

ஆவணியில் அரிசி வந்தது. எட்டு மூட்டை. மேரியின் பின்னறையில் இறக்கிப் பூட்டினோம். யார் யாருக்கு என்ற பெயர்ப் பட்டியலில் மேர் கையெழுத்துப் போட வேண்டும், அது வரவில்லை. நான் செக்ரெத்தேரிடம் இரண்டு தடவை கேட்டேன். இரண்டாவது தடவை, "ஒன் வேலையப் பாரு" என்றார். மூன்றாவது தடவை கேட்கவில்லை. அப்புறம் எனக்கு மறந்தே போயிற்று. என் வீட்டில் அரிசி இருந்தது. மறப்பதற்கு அது போதும்.

3. கலங்கின தண்ணீர்

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. நான்கு நாள் விடவில்லை. ஏரி தளும்பியது. கலிங்கலில், அதாவது மிச்சத் தண்ணீர் வழிந்து ஓடுகிற வாயில், முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. வயல் வேலை ஒன்றும் இல்லை. கூலிக்காரர்கள் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை எட்டு மணி இருக்கும். தாண்டவன் கோணிச் சாக்கைத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டு மேரி வாசலில் வந்து நின்றான்.

"ஐயா, மதகுக்குத் தெக்க கரையடியில தண்ணி ஊறுதுங்க."

"எந்த வருசம் ஊறல?" என்றேன்.

"கலங்கலா வருதுங்க."

என் கையிலிருந்த தகரக் குழல் கீழே விழுந்தது. ஏரி பார்க்கிறவர்களுக்கு இது தெரியும். தெளிந்த தண்ணீர் கசிந்தால் பயமில்லை, எல்லாக் கரையும் கசியும். கலங்கலாக வந்தால் கரைக்குள்ளே மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். நண்டு வளையோ எலி வளையோ தொடங்கி வைத்திருக்கும். முதலில் விரல் தடிமன், அப்புறம் மணிக்கட்டுத் தடிமன். தொடைத் தடிமன் ஆகிவிட்டால் மணல் மூட்டை போட்டும் பிரயோசனம் இல்லை.

"இப்ப எம்மாம் கனம்?"

"ரெண்டு வெரலு."

செக்ரெத்தேருக்கு விஷயம் புரிந்தது. அவர் கெட்டவர் இல்லை. ஆனால் தாளில் எழுதாமல் ஒரு காரியமும் நடந்ததாக அவருக்குத் தோன்றாது. உட்கார்ந்து எழுதினார். மதகடித் தெருக்காரர்கள் உடனே மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டியது, ஆடுமாடுகளை அவிழ்த்துவிட வேண்டியது. பிரெஞ்சில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. முத்திரை குத்தி, மை காய ஊதினார்.

"ஐயா, மழையில எப்படியும் கரையப் போவுது. குடுங்க" என்று தாளைப் பிடுங்கிக் குழலில் திணித்துக்கொண்டு ஓடினேன். அவரிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

தெருமுனையில் தாண்டவன் பறையை எடுத்து அடித்தான். சத்தம் எழும்பவில்லை. நான்கு நாள் ஈரத்தில் தோல் தொங்கிப்போயிருந்தது. பறைத் தோலை நெருப்பில் காட்டினால்தான் விறைக்கும். அன்று ஊரில் காய்ந்த வைக்கோல் ஒரு பிடி கிடையாது.

"கொட்டாங்குச்சிய தட்டறாப்பல கீதுங்களே" என்றான் தாண்டவன்.

குடிசைக் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. காற்று ஊளையிட்டது. முப்பது வீட்டுக்கும் ஒவ்வொன்றாகப் போய்க் கதவைத் தட்டிச் சொன்னால் எத்தனை நேரம் ஆகும்? அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கொம்பு! பித்தளைக்கு ஈரம் என்ன செய்யும்? என்னை நானே மெச்சிக்கொண்டேன். மேரிக்கு ஓடிக் கொம்பை எடுத்துக்கொண்டு வந்து, கரைமேல் மதகுக்குப் பக்கத்தில், வழக்கமாக நிற்கிற இடத்திலேயே ஏறி நின்று ஊதினேன்.

இளைஞர்களே, என் உத்தியோக காலத்தில் நான் செய்த பெரிய முட்டாள்தனம் அதுதான்.

4. கரைக்குக் கீழே

முதல் ஊதலிலேயே கதவுகள் திறந்தன. எனக்கு ஒரே சந்தோஷம். ஆட்கள் வெளியே வந்தார்கள். பள்ளிக்கூட மேட்டுப் பக்கம் திரும்புவார்கள் என்று பார்த்தேன். திரும்பவில்லை. ஒரு பெண் உள்ளே ஓடி அலுமினியப் பாத்திரத்தோடு வந்தாள். அடுத்த வீட்டுக்காரன் முறத்தைத் தலைக்குக் கவிழ்த்துக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தான். குண்டான், சட்டி, தவலை. மழையில் சிரித்துக்கொண்டு, ஒருவரையொருவர் முந்திக்கொண்டு, தெரு முழுக்கக் கரைக்குக் கீழே, அந்த மைதானத்துக்கே வந்து சேர்ந்தது.

எல்லோருக்கும் முன்னால் அஞ்சலை. "வந்துடுச்சா அரிசி!" என்று கத்தினாள்.

ஜூலைப் பண்டிகையில் நாற்காலிமேல் நின்று நான் கத்தினது அந்த நிமிஷம்தான் ஞாபகத்துக்கு வந்தது. கிட்டத்தட்ட நூறு பேர். அவர்கள் நின்ற இடத்திலிருந்து இருபது அடியில் கரையடியிலிருந்து செம்மண் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. மழையோடு மழையாக அது யார் கண்ணிலும் படவில்லை.

"போங்க! பள்ளிக்கூடத்துக்குப் போங்க! கரை ஒடையப் போவுது!" என்று கத்தினேன். காற்று எதிரே அடித்தது. பாதி வார்த்தை என் வாய்க்குள்ளேயே திரும்பி வந்தது. கையை வீசி வீசி விரட்டினேன். விரட்ட விரட்ட அவர்கள் இன்னும் நெருங்கி வந்தார்கள்.

சரிவில் இறங்கி ஓடினேன். "ஏரி ஒடையுது, ஓடுங்க!"

அஞ்சலை என் முகத்தைப் பார்த்தாள். "இன்னாய்யா, ஏரி இன்னிக்குத்தான் ஒடையுதா? கொம்ப ஊதி எங்கள வரவழைச்சிட்டு வெரட்டற. மேலத் தெருக்காரனுங்களுக்குக் குடுக்கறதுக்கா?"

"இல்ல அஞ்சல. சத்தியமா சொல்றேன்."

"ஆனியிலயும் சத்தியந்தான் பண்ண." அவள் தவலையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் குந்தினாள். "மூணு நாளா எம் புள்ளைங்க கஞ்சித் தண்ணிதான் குடிக்குதுங்க. அரிசி கண்ணுல காட்டாம எழுந்துக்க மாட்டேன்."

அவள் உட்கார்ந்ததைப் பார்த்து மற்றவர்களும் உட்காரத் தொடங்கினார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. தகரக் குழலிலிருந்து தாளை உருவி விரித்தேன். முத்திரை மட்டும் தெரிந்தது, எழுத்தெல்லாம் நீலமாக வழிந்துவிட்டது.

தாண்டவன் கசிவுப் பக்கத்திலிருந்து ஓடி வந்தான். என் காதருகில் சொன்னான். "மணிக்கட்டு தாண்டிடுச்சுங்க. எம் பொஞ்சாதி வூட்டுல கீறா. புள்ள பொறந்து மூணு நாளு. அவ கொம்புக்கு வர மாட்டா. நான் போறேன்."

"போ!" என்றேன். அவன் போனான்.

நான் கொம்பைப் பார்த்தேன். இந்தச் சனங்கள் என் பேச்சுக்கு நகர மாட்டார்கள், இதற்குத்தான் நகர்வார்கள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு அந்தப் பக்கம் ஓடினேன். பள்ளிக்கூட மேட்டைப் பார்த்து நின்று, இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்து ஊதினேன்.

"அரிசி பள்ளிக்கூடத்துல! மழைன்னு எடத்த மாத்திட்டாங்க! முன்னால வரவங்களுக்குத்தான்!"

பொய். வாய்கூசாமல் சொன்னேன். சொல்லிவிட்டு ஓடினேன். பத்தடி ஓடி ஊதுவேன், திரும்பிப் பார்ப்பேன், மறுபடி ஓடுவேன். முதலில் இரண்டு பேர் எழுந்தார்கள். அப்புறம் பத்துப் பேர். "முன்னால வரவங்களுக்கு" என்ற வார்த்தை வேலை செய்தது. கடைசியில் அஞ்சலையும் தவலையைத் தலையில் வைத்துக்கொண்டு, என்னைத் திட்டிக்கொண்டே ஓடி வந்தாள். பள்ளிக்கூடம் இரண்டு கூப்பிடு தூரம். அன்று அது காசிக்குப் போகிற தூரமாக இருந்தது. சேற்றில் இரண்டு தடவை விழுந்தேன். பல்லில் கொம்பு இடித்து வாயெல்லாம் ரத்தம்.

கடைசி ஆள் மேட்டில் ஏறி ஒரு வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகியிருக்காது. பின்னால் ஒரு சத்தம். இடிதான் என்று நினைத்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். மதகுக்குத் தெற்கே கரை இருந்த இடத்தில் கரை இல்லை. மைதானத்தில் நட்டு வைத்திருந்த வழுக்கு மரம் சாய்ந்து, தண்ணீரோடு தெருவுக்குள் போயிற்று. அதன் பின்னால் கூரைகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின.

பாத்திரங்களில் மழை விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

5. பின்னறைப் பூட்டு

தாண்டவனைக் காணோம். அவன் மனைவியையும் காணோம். நான் மேட்டின் ஓரத்தில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். போ என்று சொன்னவன் நான்தான். இரண்டு ஆள் அனுப்பியிருக்கலாம், அனுப்பவில்லை. பத்து மணி ஆனபோது வடக்கே வாய்க்கால் மேட்டில் பனைமரங்களுக்கு நடுவே ஒருவன் வருவது தெரிந்தது. முதுகில் மனைவி. அவள் கையில் பறை. பறையின் உட்குழிவில் துணி சுற்றிப் பச்சைக் குழந்தை. மழை படாமல் இருக்கட்டும் என்று தோலை வெளிப்பக்கமாகக் கவிழ்த்துப் பிடித்திருந்தாள். நான் அந்த இடத்திலேயே சேற்றில் உட்கார்ந்து அழுதேன். வெட்கப்படவில்லை.

ஆடும் கோழியும் போயின. இரண்டு மாடு போயிற்று. வீடு என்று ஒன்றும் மிச்சமில்லை. ஆள் ஒருவர்கூடப் போகவில்லை.

பள்ளிக்கூடத்துக்குள் வந்தேன். அவர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். யாரும் சொல்லாமலே, ஜூலைப் பண்டிகையில் நிற்கிற மாதிரி, ஏனத்தைக் கையில் பிடித்துக்கொண்டு. வீடு போன கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் போல. முதலில் நின்ற அஞ்சலை தவலையை என் முன்னால் வைத்தாள். அதட்டவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

"எங்கய்யா?"

பள்ளிக்கூடத்துக்கும் மேரிக்கும் நடுவே ஒரு சுவர்தான். அந்த எட்டு மூட்டையும் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தன. நான் போய்ச் செக்ரெத்தேர் முன்னால் நின்றேன்.

"கையெழுத்து இன்னும் வரல, கோவிந்தராசு. நான் எப்படித் தெறக்கறது?"

"வந்து அவங்க கிட்ட அத நீங்களே சொல்லிடுங்க. என்னால ஆவாது."

அவர் எழுந்து தாழ்வாரம் வரைக்கும் வந்தார். வரிசையைப் பார்த்தார். தாண்டவன் மனைவி மடியில் பறையை வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். திரும்பிப் போய்ச் சாவியை எடுத்தார். பூட்டு துருப்பிடித்துத் திறக்க மாட்டேன் என்றது. அவரே காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றி அதன் குதிகாலால் பூட்டை அடித்தார். நான்காவது அடியில் திறந்தது.

"நான்தான் தெறந்தேன்னு எழுதிக்கோ" என்றார். அதற்காக அவருக்கும் எனக்கும் பின்னால் விளக்கம் கேட்டுத் தாள் வந்தது. வரட்டும் என்று இருந்தோம்.

நானே படியை எடுத்து அளந்தேன். அஞ்சலையின் தவலையில் இரண்டு படி விழுந்தது. அவள் ஒரு பிடி அரிசியை எடுத்து முகர்ந்து பார்த்தாள். மூட்டையில் அடைபட்டிருந்த வாடை.

"இது எப்ப வந்துது?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். அன்றைக்கு ஒரு பொய் போதும். "ஆவணியில" என்றேன்.

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. தவலையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சொன்னாள்.

"அப்பவே குடுத்திருந்தீன்னா, இன்னிக்கு நீ ஓடுன்னு சொன்னதும் ஓடியிருப்போமேய்யா."

6. உங்களுக்கு

அதற்குப் பிறகு பண்டிகை இடத்தை மாரியம்மன் கோயில் மேட்டுக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன், மாற்றினார்கள். மழை அறிவிப்புக்கு என்று தட்டுவதற்குத் தனியாக ஒரு தகரப் பீப்பாய் வாங்கச் சொன்னேன், வாங்கினார்கள். இதெல்லாம் நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் என்னைக் கேட்டால், அன்று கரைக்குக் கீழே சனம் உட்கார்ந்ததற்குக் காரணம் இடமும் இல்லை, கொம்பும் இல்லை.

ஆகவே இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். அறிவிப்பை எடுத்துக்கொண்டு தெருவுக்குக் கிளம்புவதற்கு முன்னால், போன தடவை அதே தெருவில் என்ன சொன்னோம் என்று நினைத்துப் பாருங்கள். சொன்னபடி செய்யவில்லை என்றால் முதலில் போய் அதைச் செய்துவிட்டு வாருங்கள். அது மேலிடத்தின் கையில் இருந்தால், நான் விட்டது போல இரண்டு தடவையோடு விடாமல் மூன்றாவது தடவையும் கேளுங்கள்.